பெயர் போட்டு எழுதுவது எப்படி

2011 ஆகஸ்ட். மட்டக்களப்பில் பொழுதுபட்டால் ஒரு வீட்டுக் கதவும் திறந்திராது. கிறீஸ் பூதம் வருகுதாம். உடம்பு முழுக்கக் கிறீஸ் பூசி, விரலில் கூரான நகம் மாட்டி, பொம்பிளைகளைக் கீறிப்போட்டு ஓடுறானாம். எங்கள் ஒழுங்கையில் பொடியன்மார் உலக்கையும் மண்வெட்டிப் பிடியுமாக முறைவைத்துக் காவல் இருந்தார்கள். ஓர் இரவு பத்து மணிபோல பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவரைப் பிடித்து அடித்துவிட்டார்கள். மனைவிக்கு இழுப்பு வந்து மருந்து தேடி வந்த மனிதர் அவர்.

நான் அப்போது ஒரு பத்திரிகைக்குப் பிரதேச செய்தியாளர். விடிந்ததும் ஆஸ்பத்திரி வாட்டில் அவரைக் கண்டு கதைத்தேன். செய்தியும் அனுப்பினேன்: ‘மர்ம மனிதன் எனச் சந்தேகிக்கப்பட்டவர் பொதுமக்களால் மடக்கிப் பிடிப்பு.’ மருந்து தேடி வந்தவர் என்ற வரி அதில் இல்லை. அடித்தது எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள். ஊரைப் பகைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது நான் பத்திரிகைக்கு எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலை மண்டபத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள். பேஸ்புக்கில் ஊர்ப் பிரச்சினை எழுதுகிறவர்கள், லைவ் போடுகிறவர்கள். போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டி ஒரே கேள்வி கேட்பார்கள்: “மாமி, இதப் போடலாமா?” அதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறையைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் எங்களுக்குச் செய்தி கிணற்றடியில்தான் கிடைத்தது. பத்திரிகையில் எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்: சுட்டுக் கொன்றார்கள். 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் நிமலராஜன். 2004 மே 31இல் இங்கே எங்கள் நகரிலேயே நடேசன். 2005 ஏப்ரலில் சிவராம். 2006 ஜனவரியில் திருகோணமலையில் சுகிர்தராஜன். அரசாங்கத்துக்கு மட்டும்தான் பயந்தோம் என்று சொன்னால் அது பொய். தமிழ் ஆயுத இயக்கங்களைப் பற்றியும் பெயர் போட்டு எழுத முடியாத காலம் அது. அரசையும் இயக்கங்களையும் ஒரே கண்ணால் பார்த்து எழுதிய ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாணத்து வீதியில் சுடப்பட்டுச் செத்தார்.

அந்த வருடங்கள் எங்களுக்கு இரண்டு பழக்கத்தைத் தந்தன. பெயர் போடாமல் கதைப்பது ஒன்று. பெயரில்லாமல் வந்த கதையை நம்புவது மற்றது. அன்றைக்கு அவை உயிர் காத்த பழக்கங்கள். பத்திரிகையில் வராத எத்தனையோ உண்மை கிணற்றடியில்தான் வந்தது. கிறீஸ் பூதத்தை ஊர் நம்பியதும் அதனால்தான். பொலிஸ் இல்லையென்று சொன்னால் ‘அப்ப இருக்கு’ என்று எடுத்துக்கொள்ளப் பழகிய சனம். அதே மாதம் யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் நள்ளிரவில் இராணுவமும் பொலிசும் வீடு புகுந்து நூறு பேரளவில் பிடித்து அடித்துக் கொண்டுபோனபோது அந்த நம்பிக்கை இன்னும் இறுகியது.

பிறகு மெல்ல மெல்லத் திறந்தது. 2007இல் தடுத்து வைத்திருந்த தமிழ்நெற் செய்தி இணையத்தளம் 2015இல் மறுபடி பார்க்கக் கிடைத்தது. அதே வருடம் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்பில் சேர்த்தது. 2022 மே 18இல் கொழும்புக் காலிமுகத்திடலில் சிங்கள இளைஞர்களும் சேர்ந்து, போரின் கடைசியில் செத்தவர்களை நினைத்துக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்ததைப் பார்த்து நான் அழுதேன். இரண்டு வருடம் கழித்து, 2024 மேயில், அதே கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகச் சம்பூரில் பெண்களைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்கள். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்போதும் நீங்கியிருக்கவில்லை. 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு வந்து சேர்ந்தது. இப்படி ஒரு அடி முன்னும் அரை அடி பின்னுமாகத் திறக்கிற நாட்டில் பேசப் பழகுகிற பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பாடம். பழைய இரண்டு பழக்கத்தையும் விட்டுப்போட்டுப் பெயர் போடக்கூடியதை எழுதப் பழக வேண்டும்.

கொப்பியில் மூன்று கோடு

போனைக் கீழே வை. ஒரு கொப்பி எடு. பக்கத்தை மூன்றாகப் பிரி: கண்டது, கேட்டது, நினைக்கிறது. எழுதியிருக்கிற ஒவ்வொரு வசனத்தையும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் போடு.

போன வருடம் ஒரு பொடியன் கொண்டுவந்த போஸ்ட் இது. அவன் சம்மதத்தோடு தருகிறேன். ஜீ.எஸ். என்றால் ஊர்க் கிராம சேவகர். “எங்கட ஆத்த விக்கிறானுகள்! ஜீ.எஸ்.சும் பொலிசும் காச வாங்கிப்போட்டுக் கண்ண மூடிட்டானுகள். இவனுகள்ற வீட்ட போய்க் கேக்கணும்!!!” கீழே இருட்டில் எடுத்த ஒரு படம், இரண்டு வெளிச்சம் மட்டும் தெரியும்.

“நீ என்னத்தக் கண்டாய், மனே?”

“டிப்பர் போறதக் கண்டன்.”

“எத்தனை?”

“கனக்க.”

“கனக்க எண்டு ஒரு எண்ணிக்கை இல்லகா. ஜீ.எஸ். காசு வாங்கினதக் கண்டியா?”

“கடையடியில எல்லாரும் கதைக்கிறாங்க.”

ஆக, கண்டது: டிப்பர். கேட்டது: காசு. நினைக்கிறது: வீட்டுக்குப் போக வேண்டும். அவன் எழுதியதிலோ இதன் ஒழுங்கு தலைகீழாக இருந்தது. கண்டது சின்னதாக மூலையில், கேட்டதும் நினைத்ததும் நடுவில்.

மூன்று இரவு ஆற்றங்கரையில் இருந்து எண்ணச் சொன்னேன். தனியே போகாதே, மாமாவைக் கூட்டிக்கொண்டு போ, கிட்டப் போகாதே, போனில் வெளிச்சம் போடாதே என்றும் சொன்னேன். பகலில் கரை இடிந்த இடத்தைப் படமெடுத்தான். படத்துக்குள் ஒரு தென்னையும் தண்ணீர் பம்பும் வரும்படி எடுக்கச் சொன்னேன். அப்போதுதான் அது எந்த இடம் என்று ஊரவர் எவரும் உறுதிப்படுத்தலாம். அதற்குப் பிறகு அவன் எழுதியது:

“மூன்று இரவுகள், பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை, எங்கள் ஊர்த் துறையடியில் மொத்தம் 31 டிப்பர்கள் மணல் ஏற்றிப் போனதை நானும் என் மாமாவும் கண்டோம். பம்படிக்குப் பக்கத்தில் கரை இடிந்து வயலுக்குள் வந்துவிட்டது, படத்தில் பார்க்கலாம். இந்த இடத்தில் மணல் எடுக்க அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? இருந்தால் எத்தனை கியூப்? இரவில் ஏற்றலாமா? பிரதேச செயலகமும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகமும் பதில் சொல்ல வேண்டும்.” கீழே தன் பெயர், ஊர்.

காசு வாங்கிய கதையை நான் அடித்துவிட்டேன். அவனுக்குக் கோபம். “அப்ப களவ மறைக்கச் சொல்றீங்களா மாமி?” இல்லை. காசு வாங்கியிருக்கலாம். ஆனால் அவன் அதைக் காணவில்லை, கண்டவர் ஒருவரையும் அவனால் காட்ட முடியாது. 2002இல் குற்றவியல் அவதூறை நாடு நீக்கியது. அதற்கு முதல் இப்படி ஒரு வரி ஆளைச் சிறைக்கும் அனுப்பியிருக்கும். இன்றும் சிவில் வழக்கு இருக்கிறது, புதுச் சட்டம் இருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: ஜீ.எஸ். வாங்காதவராக இருந்தால்? ஒரு வரியால் ஒரு மனிதர் கெட்டுப்போவார், மணலும் போய்க்கொண்டே இருக்கும். 31 என்ற எண்ணுக்கு எவனும் மறுத்துக் கதைக்க முடியாது. ‘காசு வாங்கினார்’ என்றால் அதைப் பிடித்துக்கொண்டு கதையை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

“வீட்ட போய்க் கேக்கணும்” என்ற வரியைப் பற்றி விவாதமே இல்லை. ஒருவரின் வீடு, பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம், போகிற வழி ஆகிய எதையும் எழுதக்கூடாது. 2022 மே 9 பகலில் காலிமுகத்திடலில் அரசாங்கத்துக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அரசாங்க ஆதரவாளர்கள் அடித்தார்கள். இரவு நாடு முழுக்க அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. அந்த வீடுகளுக்குள்ளும் கிழவிகள் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள். பதவியில் இருக்கிறவரைக் கேள்வி கேட்க அவருடைய கந்தோர் இருக்கிறது.

உன் பெயரைப் போடு என்கிறேன், உனக்குச் சொன்னவரின் பெயரை அல்ல. டிப்பரில் வேலை செய்யும் கூலிப் பொடியன் ஒருவன் உனக்கு எல்லாம் சொல்லியிருந்தால் அவனுடைய பெயர், குரல், முகம், எந்த டிப்பர் என்பது எல்லாமே உன்னோடு முடிய வேண்டும். அவனுடைய வொயிஸைக்கூட அழித்துவிடு. அவனுக்கு நாளைக்கும் அங்கேதான் வேலை.

கடதாசி கேட்டு வாங்குவது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இதைப் பாவிக்கிறவர்கள் மிகக் குறைவு, அதில் எனக்குப் பெரிய மனவருத்தம். இருபது வருடம் எனக்குக் கிடைக்காத ஆயுதம் இது.

பிரதேச செயலகம், பிரதேச சபை, வலயக் கல்வி அலுவலகம் எல்லாவற்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். விண்ணப்பம் தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவருக்கு உரிமையில்லை, நீ காரணம் சொல்லவும் தேவையில்லை. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதே. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் 21 நாட்கள் எடுக்கலாம். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவரும் மூன்று வாரத்தில் சரியான பதில் தராவிட்டால், இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலத்தில் தர வேண்டும்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் வித்தை. ‘ஏன் மணல் களவு போகிறது’ என்று கேட்டால் பதில் வராது. கடதாசியைக் கேள். ‘இன்ன இடத்துக்கு 2023 ஜனவரியிலிருந்து வழங்கிய அனுமதிப்பத்திரங்களின் பிரதிகள். ஒவ்வொன்றிலும் அனுமதித்த கியூப் அளவு. களப் பரிசோதனை செய்த திகதிகளும் அறிக்கைகளும்.’ எங்கள் பொடியனுக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அனுமதி பகலுக்கு மட்டும். அந்தத் தாளையும் 31 டிப்பரையும் ஒன்றாகப் போட்டான். கெட்ட வார்த்தை ஒன்றும் தேவைப்படவில்லை.

மற்றச் சமூகத்தைப் பற்றி எழுதும்போது

இங்கேதான் நான் மிகக் கடுமையாக இருப்பேன். பிள்ளைகள் என்னோடு சண்டை பிடிப்பதும் இங்கேதான்.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் வெள்ளையாக ஒரு கட்டி. சிங்களவரை மலடாக்க மாத்திரை போட்டிருக்கிறான் என்று கூட்டம் சூழ்ந்தது. காசாளர் மேசையில் நின்றவர் தமிழ் பேசுகிறவர், சிங்களம் சரியாக விளங்காது. சூழ்ந்து நின்று அதட்டிக் கேட்டபோது அரைகுறைச் சிங்களத்தில் ஏதோ ஆமென்பது போலச் சொன்னார். அதை ஒருவன் போனில் எடுத்தான். அவ்வளவுதான். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மா என்று இரசாயனப் பகுப்பாய்வு பிறகு சொன்னது. அப்படி மலடாக்குகிற மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அதற்குள் ஒரு வாரத்தில் கண்டி திகனையில் கடைகளும் வீடுகளும் எரிந்து முடிந்திருந்தன. மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம், அடுத்த நாள் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் முடக்கம். அங்கே தன் பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்தான்.

பிள்ளைகளுக்கு நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், அந்த வீடியோவில் வெட்டு ஒட்டு ஒன்றும் இல்லை. கடை உண்மை, ஆள் உண்மை, அவர் வாய் அசைந்ததும் உண்மை. ‘வீடியோ இருக்கு மாமி’ என்று சொல்லும்போதெல்லாம் அந்த மனிதரின் முகத்தை நினைக்கச் சொல்வேன். அதில் கதைக்கிறவருக்கு அந்த மொழி தெரியுமா? கமராவுக்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள்? அவர் பயந்து சொல்கிறாரா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் ஒரு வீடியோவையும் அனுப்பாதே. ‘கிடைத்ததை அப்படியே பகிர்கிறேன்’ என்று மேலே எழுதிவிட்டால் பொறுப்பு விட்டுப்போகாது. பகிர்ந்தது உன் கை.

அடுத்த வருடம் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று ஒரு தேசிய நாளிதழின் முதற்பக்கத்தில் வந்தது. ஆதாரம் கிடைக்கவில்லை என்று விசாரணையாளர்களே நீதிமன்றத்தில் சொன்னார்கள். அந்த மனிதர் சிறையில் இருந்துவிட்டு வந்து, நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, 2022இல் நாட்டில் மருந்தில்லாத நேரம், அதை மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார். பெயர் போட்ட பத்திரிகையும் வதந்தியைக் காவும் என்பதற்கு அது சாட்சி. பெயர் மட்டும் போதாது, கொப்பியின் முதல் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு ஆளின் இனம், மதத்தை எப்போது எழுதுவது? ‘முஸ்லிம் வியாபாரி நிறுவையில் களவு’ என்று எழுதுகிறாய். அதே கள்ளத் தராசைத் தமிழன் பிடித்தால் ‘தமிழ் வியாபாரி’ என்று எழுதுவாயா? எழுத மாட்டாய் என்றால் முதல் வசனத்திலும் வெட்டு. ஆனால் இனத்தைச் சொல்லாமல் சொல்ல முடியாத விஷயங்களும் இருக்கின்றன. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் எங்கள் பாற்பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரிலிருந்து போராட்டத்தில் இறங்கினார்கள். வெளியிலிருந்து சிங்கள விவசாயிகளைக் கொண்டுவந்து பயிர் செய்ய விட்டதுதான் பிரச்சினை. அதை மழுப்பி ‘சிலர்’ என்று எழுதினால் பண்ணையாளருக்குத் துரோகம். எழுது. எந்த அதிகாரியின் காலத்தில், எந்தக் காணி, நீதிமன்றம் என்ன சொன்னது, எத்தனை மாடு செத்தது என்று எழுது. ‘சிங்களவன்’ என்று ஒருமையில் ஒரு இனத்தையே எழுதாதே. அங்கே பயிர் செய்ய வந்தவனும் ஒருவனால் கொண்டுவரப்பட்ட ஏழைதான். கொண்டுவந்தவனைத் தேடு.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து வரும் ஒரு பிள்ளையும் தமிழ் ஊரான கல்லடியிலிருந்து வரும் ஒரு பிள்ளையும் போனை மாற்றிக்கொள்வார்கள். தன் சமூகத்தைப் பற்றி மற்றவர் எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். முதல் தரம் செய்தபோது ஒரு பெண் பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுடைய பெரியப்பாவை 1990 ஆகஸ்ட் 3இல் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தபோது புலிகள் சுட்டுக் கொன்றார்கள். எதிரே இருந்த பொடியனின் அக்கா மகள் 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் செத்தாள். இரண்டு பேரும் அதுவரை ஒருவருக்கொருவர் அதைச் சொன்னதில்லை. அன்றைக்கு நான் பாடம் நடத்தவில்லை, பிளேன்ரி ஊற்றிக் கொடுத்தேன்.

மற்றச் சமூகத்தைப் பற்றி இரவில் எழுதினால் காலையில் போடு. வெள்ளம் வருகுது, யானை இறங்கிவிட்டது, வாவிப்பக்கம் தோணி கவிழ்ந்தது என்றால் உடனே போடு. கோபத்துக்கு அப்படி அவசரம் இல்லை.

தமிழ் தெரியாதவர் உன்னை வாசிப்பார்

பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. எங்களை மௌனமாக்க வந்த ஒவ்வொருவரும் அந்தச் சொல்லைத்தான் கொண்டுவந்தார்கள்.

சிலாவத்துறையைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2017இல் ஒரு தமிழ்க் கவிதைத் தொகுதி வெளியிட்டார். தீவிரவாதத்தைக் கண்டிக்கிற கவிதைகளும் அதில் இருக்கின்றன. 2020 மேயில் அந்தப் புத்தகம் தீவிரவாதம் என்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். தமிழ்க் கவிதை படிக்கத் தெரியாதவர்களுக்கு முன்னால் ஒரு தமிழ்க் கவிஞர். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ரம்சி ராசிக் 2020 ஏப்ரலில் தன் சமூகத்துக்கு எதிரான வெறுப்புக்குப் பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் செய்ய வேண்டும் என்று எழுதினார். அதற்கு ‘ஜிஹாத்’ என்ற சொல்லைப் பாவித்தார். ஐந்து மாதத்துக்கு மேல் சிறை. அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் பிரிவுள்ள 2007இன் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் சமவாய) சட்டம் வெறுப்பை எதிர்த்தவர்மேல் பாய்ந்த கதை இது.

இந்த இரண்டு பேரும் பொறுப்பில்லாமல் எழுதியவர்கள் இல்லை. ஆகவே இவர்களைக் காட்டி ‘வாயை மூடு’ என்று உனக்குச் சொல்ல மாட்டேன். சில வேலைகளைச் செய்துவை. பல பொருள் வரும் சொல்லைப் பாவித்தால் அடுத்த வசனத்திலேயே உன் பொருளைச் சொல். கடினமான விஷயத்தை எழுதினால் சிங்களத்திலும் இரண்டு வரி போடு. அது உன்னைக் காப்பதோடு, சிங்களத் தாய் ஒருத்திக்கும் உன் கதை போய்ச் சேரும். முழுப் போஸ்டையும் திகதியோடு அச்செடுத்து வீட்டில் வை, துண்டை வெட்டி எடுத்துக் காட்டுவார்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் தனியே போகாதே. கடிதம் கேள். போகும் முன் இரண்டு பேருக்கு இடமும் நேரமும் சொல். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்ல உனக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதிய கடதாசியில் கையெழுத்துப் போடாதே. இத்தனை நாளும் பெயர் போடச் சொல்லித்தந்த நான் இந்த ஒரு இடத்தில் போடாதே என்கிறேன். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996, போனில் பதிந்து வை. அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. இது தெரியாமல் உரிமையை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரோ ஊரோ பள்ளிக்கூடமோ எழுதுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் எழுதக்கூடாது. செத்தவரின் உடலைப் படமெடுத்துப் போடாதே. அம்மா போனில் பார்ப்பாள்.

பிழை விட்டால்

விடுவாய். 1998இல் ஊடகக்காரர்கள் கூடி ஊடக சுதந்திரமும் சமூகப் பொறுப்பும் பற்றிக் கொழும்புப் பிரகடனம் செய்தார்கள். அதிலிருந்து 2003இல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு பிறந்தது. பத்திரிகை பிழை விட்டால் அங்கே போகலாம். உன்னுடைய பேஸ்புக் பக்கத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. நீயே செய்ய வேண்டும்.

போஸ்டை அழித்துவிட்டுச் சத்தமில்லாமல் இருக்காதே. அழித்தால் ஸ்கிரீன்ஷொட் சுற்றும், திருத்தம் சுற்றாது. பழைய போஸ்டின் தலையில் ‘இது பிழை’ என்று திகதியோடு எழுது. புதிதாக ஒன்று போடு: என்ன எழுதினேன், எது பிழை, சரி என்ன. ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று எழுதாதே. யாருடைய மனம் என்று உனக்குத் தெரியும். போய் நேரே சொல்.

நான் 2024இல்தான் போனேன், பதின்மூன்று வருடம் பிந்தி. அந்த மனிதருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. மனைவி செத்து நாலு வருடம். நான் யாரென்று சொன்னதும் கதிரை எடுத்துப்போட்டார். ஊர் முழுக்க அவரை ‘கிறீஸ்’ என்றுதான் கூப்பிட்டார்களாம், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலும் அப்படியே. “அண்டைக்கே எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும் மகள். இப்ப என்னத்துக்கு?” என்றார். பேரப்பிள்ளைக்காக எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எழுது, என் பெயர் போடாதே என்றார்.

மருந்து தேடி வந்தவர் என்று எழுதினேன். அடித்தது எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள், அது தெரிந்தும் நான் மறைத்தேன் என்று எழுதினேன். கீழே என் பெயர், ஒழுங்கையின் பெயர். பேரன் அதை அவருக்கு வாசித்துக் காட்டினானாம். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டார் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை. அந்த இரண்டு வீட்டில் ஒன்று என் தம்பியின் வீடு.